கூப்பிட முடியாதவரை எப்படி வைத்திருக்கிறார்கள்?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஸ்ட்ரோக் வந்து இடது கையும் காலும் செயலிழந்துவிட்டன. பிடித்துக்கொண்டால் நாலு அடி நடப்பார். இப்போது ஞாபக மறதியும் சேர்ந்துகொண்டது. சாப்பிட்டதை மறந்துவிடுகிறார், சில நேரம் என்னையே யாரென்று கேட்கிறார். வீட்டில் ஆள் வைத்துப் பார்த்தோம், யாரும் நிலைக்கவில்லை. நானும் வேலைக்குப் போகிறவள். வேறு வழியில்லாமல், நர்சிங் வசதியுள்ள முதியோர் இல்லம் இரண்டைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்று புதுக் கட்டடம். பளிங்குத் தரை, அறைக்கு அறை டிவி, எங்கும் கேமரா. இன்னொன்று பழைய கட்டடம், சுமாரான வசதி, ஆனால் வேலை செய்பவர்கள் கனிவாகத் தெரிந்தார்கள். அண்ணன் முதலாவதில்தான் சேர்க்க வேண்டும் என்கிறார். தங்கை எங்கேயுமே சேர்க்கக் கூடாது என்று அழுகிறாள். எனக்குள்ள பயம் வேறு. அங்கே என்ன நடந்தாலும் அம்மாவால் எடுத்துச் சொல்ல முடியாது. நல்ல இடமா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? சேர்த்த பிறகு குறை இருந்தால் சொல்லலாமா, சொன்னால் அதை அம்மாவிடம் காட்டிவிடுவார்களா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதியோர் பராமரிப்பில் நீண்ட காலமாக இருக்கும் செவிலியர் என்ற முறையில் எழுதுகிறேன். அம்மாவால் எடுத்துச் சொல்ல முடியாது என்ற உங்கள் பயத்திலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கான விடையும் அதிலேயே இருக்கிறது. எந்த இல்லத்துக்குப் போனாலும் முன்னறையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். அவரை வைத்து அந்த இடத்தை எடை போடாதீர்கள். தண்ணீர் வேண்டுமென்றால் அவர் கேட்பார், கொடுக்காவிட்டால் சத்தம் போடுவார், மகனுக்கு போன் செய்வார். அவரைக் கவனித்தே ஆக வேண்டும். கடைசி அறையில் புரண்டு படுக்க முடியாமல், வாய் திறந்து கேட்கவும் தெரியாமல் ஒருவர் படுத்திருப்பார் இல்லையா, அவரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நாளை உங்கள் அம்மா அந்த நிலைக்கு வரலாம். அவருக்குக் கிடைப்பதுதான் அந்த இல்லத்தின் உண்மையான தரம்.

மருத்துவப் பராமரிப்பின் தரத்தை எப்படி அளப்பது என்பதற்கு அவெடிஸ் டொனபீடியன் என்ற மருத்துவர் 1966-ல் ஒரு வழி சொன்னார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதைத்தான் பின்பற்றுகிறார்கள். கட்டடம், கருவி, ஆட்கள் இதெல்லாம் அமைப்பு. அந்த ஆட்கள் நாள் முழுக்க என்ன செய்கிறார்கள் என்பது செயல்முறை. அதனால் நோயாளிக்கு என்ன ஆனது என்பது விளைவு. மூன்றையும் தனித்தனியே பாருங்கள் என்றார். உங்கள் அண்ணன் பார்த்தது அமைப்பில் பாதி. கட்டடத்தைப் பார்த்தார், ஆட்களை எண்ணவில்லை. நீங்கள் பார்த்தது செயல்முறையில் ஒரு துளி. கனிவைப் பார்த்தீர்கள், கைத்திறனைப் பார்க்கவில்லை. கனிவு கட்டாயம் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. பாசத்தோடு பேசிக்கொண்டே, செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி உட்கார வைப்பவர்கள் உண்டு. ஸ்ட்ரோக் வந்த பக்கத்துத் தோளில் தசைக்குப் பிடிப்பு இருக்காது. அப்படி இழுத்தால் மூட்டு நழுவும், அதன்பின் சட்டை மாட்டும்போதெல்லாம் உயிர் போகிற வலி. அதை அம்மாவால் சொல்லவும் முடியாது.

ஆகவே இரண்டு இடங்களுக்கும் இன்னொரு முறை போங்கள். காலை 11 மணி வேண்டாம். குளிப்பாட்டி, உடை மாற்றி, தலை வாரி முடித்து எல்லா இல்லமும் அழகாக இருக்கும் நேரம் அது. மாலை சாப்பாட்டு நேரத்தில் போங்கள், முடிந்தால் விடுமுறை நாளில். அன்றைக்குத்தான் மேலாளர் இருக்கமாட்டார், ஆள் குறைவாக இருக்கும். குளிக்கும் நேரத்தில் வராதீர்கள், அறைக்குள் கேட்காமல் நுழையாதீர்கள் என்று சொன்னால் அது நியாயம், மற்றவர்களின் மானத்தைக் காக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் சாப்பாட்டு அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கவே கூடாது என்றால் எனக்கு அந்த இடம் பிடிக்காது.

அந்த ஒரு மணி நேரத்தில் ஊட்டிவிடுபவரின் கையைக் கவனியுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து ஊட்டுகிறாரா, எதிரில் உட்கார்ந்து கண்ணுக்குக் கண் பார்த்து ஊட்டுகிறாரா? நின்றபடி ஊட்டினால் சாப்பிடுபவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும், அண்ணாந்த தொண்டையில் உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போவது எளிது. ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு விழுங்குவதில் சிரமம் இருப்பது சகஜம் என்பதால் உங்கள் அம்மா விஷயத்தில் இது சின்ன சமாசாரம் இல்லை. முதுகு நிமிர்ந்து உட்கார வைத்திருக்க வேண்டும், கரண்டியில் கொஞ்சமாக எடுக்க வேண்டும், ஒரு வாய் விழுங்கி முடிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய் தர வேண்டும். இருமினால் நிறுத்த வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் படுக்கப் போடாமல் அரை மணி நேரமாவது உட்கார வைத்திருக்க வேண்டும். ஒரே ஆள் நாலு பேருக்கு மாறி மாறி ஊட்டிக்கொண்டிருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதெல்லாம் நடக்காது.

சாப்பிட்ட பிறகு வாயைச் சுத்தம் செய்கிறார்களா என்றும் பாருங்கள். பலரும் இதை அழகு விஷயமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஜப்பானில் பராமரிப்பு இல்லங்களில் ஒரு ஆய்வு நடத்தினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு உதவியாளர்கள் பல் துலக்கிவிட்டவர்களுக்கு நிமோனியா குறைவாக வந்தது என்பது அதில் தெரிந்து, 1999-ல் வெளியானது. வாயில் தேங்கும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குவதுதான் காரணம். பொய்ப்பல் செட்டு யாருடையது என்று பெயர் எழுதிய டப்பாவில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் வருகிறது என்பதிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

இடது பக்கம் செயலிழந்த சிலருக்கு மூளை அந்தப் பக்கத்தையே கண்டுகொள்ளாது. கண் தெரியும், கவனம் போகாது. தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, இடது பாதி அப்படியே இருக்க, போதும் என்பார்கள். விஷயம் தெரிந்த உதவியாளர் எதுவும் பேசாமல் தட்டை அரைச் சுற்றுத் திருப்பி வைப்பார். மிச்சத்தையும் சாப்பிட்டுவிடுவார்கள். தெரியாதவர் ‘பாட்டிக்குப் பசியில்லை’ என்று எழுதிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போவார். உங்கள் அம்மாவுக்கு இது இருக்கிறதா என்று வீட்டிலேயே கவனித்துப் பாருங்கள். இருந்தால் அந்த இரண்டு இல்லங்களிலும் இதைச் சொல்லி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று நர்சிடம் கேளுங்கள்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் வராந்தாவில் மெதுவாக நடந்து வாருங்கள். யாரையும் தொட வேண்டாம், துருவவும் வேண்டாம், கண்ணுக்குத் தெரிவதே போதும். படுக்கையில் இருப்பவர்களின் உதடு காய்ந்து வெடித்திருக்கிறதா? நகம் வெட்டியிருக்கிறதா, நகக் கண்ணில் அழுக்கா? மூக்குக் கண்ணாடி முகத்தில் இருக்கிறதா, மேசை டிராயரில் கிடக்கிறதா? தண்ணீர் டம்ளரும் அழைப்பு மணியும் கைக்கு எட்டும் தூரத்தில், அதுவும் வேலை செய்யும் கையின் பக்கம் இருக்கின்றனவா? வயதாக ஆகத் தாகமே சரியாகத் தெரியாது, ஆகவே தண்ணீர் எட்டும் இடத்தில் இருப்பது மட்டும் போதாது, யாராவது எடுத்துக் கொடுத்துக் குடிக்க வைக்க வேண்டும். வீல்சேரில் இருப்பவர்களின் கால் பலகையில் ஊன்றியிருக்கிறதா, அந்தரத்தில் தொங்குகிறதா? சிறுநீர்க் குழாய் போட்டவர்களின் பை தரையில் கிடந்து இழுபடுகிறதா? அழைப்பு மணி ஒன்று அடித்தால் உடனே கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறது என்பதை எந்த விளம்பரத் தாளிலும் போடமாட்டார்கள்.

வாசனையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஒரு அறையில், ஒரு நேரத்தில் சிறுநீர் நாற்றம் வந்தால் அது குற்றமில்லை, இப்போதுதான் நடந்திருக்கும். அரை மணி கழித்து அதே இடத்தில் அதே நாற்றம் இருந்தால் யாரும் மாற்றவில்லை. கட்டடம் முழுக்க நிரந்தரமாக இருந்தால் வேலைக்கு ஆளே போதவில்லை. எங்கு போனாலும் மூக்கைத் துளைக்கும் ரூம் ஸ்பிரே வாசனையையும் நான் அதே கணக்கில்தான் சேர்ப்பேன்.

தொடுவதற்கு முன் சொல்கிறார்களா என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். ‘அம்மா, இப்ப உங்களைத் திருப்பிப் படுக்க வைக்கப்போறேன், சரியா?’ என்று மறதி உள்ளவரிடமும் சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சொல்லாமல் திடீரென்று போர்வையை இழுத்தால் பயந்துபோய் அடிப்பார்கள், கிள்ளுவார்கள். அப்புறம் ‘இந்தப் பாட்டி முரட்டுத்தனம் பண்றாங்க’ என்று பெயர் வாங்கிவிடுவார்கள். அந்தப் பெயர் எங்கே கொண்டுபோய் விடும் என்று கீழே சொல்கிறேன். கட்டில் நம்பரால் மனிதர்களைக் குறிப்பிடும் இடத்தையும் நான் தள்ளி வைப்பேன்.

இனி, கேட்க வேண்டிய கேள்விகள். முதல் கேள்வி படுக்கைப்புண் பற்றி. ‘இப்போது எத்தனை பேருக்கு இருக்கிறது, அதில் இங்கே வந்த பிறகு உண்டானது எத்தனை?’ என்று நேராகக் கேளுங்கள். ‘எங்களிடம் யாருக்கும் வந்ததே இல்லை’ என்ற பதிலை நான் நம்பமாட்டேன். படுக்கையில் இருப்பவர்களை ஏற்றுக்கொள்ளும் எந்த இடத்திலும் எப்போதாவது வரும். ‘இரண்டு பேருக்கு இருக்கிறது, ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே புண்ணோடு வந்தார், இன்னொருவருக்கு இங்கே குதிகாலில் ஆரம்பித்தது, முதல் நிலையிலேயே பார்த்துவிட்டோம், இப்போது தலையணை வைத்துக் காலைத் தூக்கி வைத்திருக்கிறோம்’ என்று சொல்லும் நர்ஸ் கிடைத்தால் அவரை நம்பலாம்.

ஏன் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன் என்றால், ஒரு இல்லத்தில் இரவும் பகலும் என்ன நடக்கிறது என்பது அங்கிருப்பவர்களின் தோலில் பதிவாகிவிடும். படுத்த படுக்கையாக இருப்பவரை அசைக்காமல் விட்டால், சில மணி நேரத்திலேயே எலும்பு துருத்தும் இடங்களில் ரத்த ஓட்டம் நின்று சதை அழியத் தொடங்கலாம். வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், பின்னந்தலை, காது மடல் இவைதான் அந்த இடங்கள். ஆகவே பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். மெத்தையையும் தோலின் நிலையையும் பார்த்து அந்த இடைவெளியைக் கூட்டலாம், குறைக்கலாம். யாருக்கு ஆபத்து அதிகம் என்று முன்கூட்டியே மதிப்பெண் போட்டுக் கணிக்கும் முறையை டோரீன் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் செவிலியர் 1962-லேயே கொண்டுவந்துவிட்டார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்தையும் பார்த்து அவர் மதிப்பெண் போட்டார். இன்று அதன் பின் வந்த வேறு அட்டவணைகளும் உண்டு. எதைப் பயன்படுத்துகிறீர்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை போடுகிறீர்கள் என்று கேளுங்கள். கேள்வியே புரியாமல் விழித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

திருப்பிப் படுக்க வைக்கும் ரெஜிஸ்டரைக் காட்டுவார்கள். பெயர்களை மறைத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டிக் அழகாக இருக்கும். டிக் இருக்கிறதா என்பதோடு நிற்காமல் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். மூன்று ஷிப்டுக்கும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா என்றால் யாரோ ஒருவர் மொத்தமாக உட்கார்ந்து போட்டது. மாலை 4 மணிக்கு நீங்கள் பார்க்கும்போதே இரவு 10 மணிக் கட்டத்திலும் டிக் இருந்தால் அதற்கு மேல் அங்கே நிற்க வேண்டியதில்லை. ‘வலது பக்கம்’, ‘குதிகால் லேசாகச் சிவப்பு, நர்சிடம் சொன்னேன்’ என்று கோணல் மாணலாக எழுதியிருந்தால், அது யாரோ உண்மையில் பார்த்து எழுதியது.

இரண்டாவது கேள்வி ஆட்கள். ‘மொத்தம் எத்தனை ஸ்டாஃப்?’ என்று கேட்டால் சமையல்காரர், தோட்டக்காரர், ஆபீஸ் ஆட்களையும் சேர்த்துப் பெரிய எண்ணாகச் சொல்வார்கள். ‘நேற்று ராத்திரி 2 மணிக்கு இந்த மாடியில் எத்தனை பேர் டியூட்டியில் இருந்தார்கள், அதில் பயிற்சி பெற்ற நர்ஸ் எத்தனை பேர், தங்கியிருப்பவர்கள் எத்தனை பேர்?’ என்று கேளுங்கள். அமெரிக்க அரசுக்காக நடத்தி 2001-ல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு அளவு சொல்கிறது. நீண்ட காலம் தங்கும் ஒருவருக்கு நர்ஸ், உதவியாளர் எல்லோருமாகச் சேர்ந்து நாளொன்றுக்கு 4.1 மணி நேரமாவது கிடைக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் பாதிப்பு கூடுகிறது என்று கண்டார்கள். 30 பேர் இருக்கும் இல்லத்துக்குக் கணக்குப் போட்டால் நாளுக்கு 123 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டாகப் பார்த்தால் மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து 15 பேருக்கு மேல். இது எல்லா இடத்துக்கும் சட்டமில்லை, நடமாடுபவர்கள் அதிகமுள்ள இடத்தில் குறைவாகவும் இருக்கலாம். ஆனாலும் 30 பேருக்குப் பகலில் மூன்று பேர், இரவில் ஒருவர் என்று சொல்லும் இடத்தில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரையும் திருப்பிப் படுக்க வைக்கிறோம் என்றால் அது நடக்கிற காரியமில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

உதவியாளர்களிடமே தனியாக, எத்தனை நாளாக இங்கே வேலை செய்கிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் போன மாதம் வந்தவர்கள் என்றால், உங்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்தே வலி இருக்கிறது என்று புரிந்துகொள்ளும் ஆள் அங்கே உருவாகவே போவதில்லை. பேச முடியாதவரைப் படிக்க நாள் பிடிக்கும்.

மூன்றாவது, முரட்டுத்தனம் என்று பெயர் வாங்கியவர்களின் கதை. மறதிநோய் உள்ளவர் இரவில் எழுந்து நடந்தால், கத்தினால், அடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். நல்ல பதில் காரணத்தைத் தேடுவதில் ஆரம்பிக்கும். வலியா, மலச்சிக்கலா, சிறுநீர்த் தொற்றா, டயப்பர் நனைந்துவிட்டதா, பயமா, பசியா? மோசமான இடத்தில் பதில் ஒரு மாத்திரையில் ஆரம்பிக்கும், அல்லது ஒரு துணிக்கட்டில். மனச்சிதைவுக்குத் தரும் ஆன்டிசைக்காட்டிக் மருந்துகள் மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-ல் கட்டம் கட்டி எச்சரித்தது. 2008-ல் அந்த எச்சரிக்கையைப் பழைய வகை மருந்துகளுக்கும் விரிவாக்கியது. ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின், ஓலான்சபின், ஹாலோபெரிடால் எல்லாம் இந்த வகை. இவற்றைத் தரவே கூடாது என்று சொல்லவில்லை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்னும் நிலையில் மருத்துவர் யோசித்து, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குத் தருவார். ஆனால் குடும்பத்தைக் கேட்காமல் தொடங்கக் கூடாது, தொடங்கினால் எப்போது நிறுத்துவது என்ற பேச்சும் கூடவே இருக்க வேண்டும். மதியம் 3 மணிக்கு ஹாலில் பத்துப் பேரும் தலை தொங்கி உறங்கிக்கொண்டிருந்தால், அமைதியான இடம் என்று சந்தோஷப்படாதீர்கள். என்ன மருந்து போகிறது என்று கேளுங்கள்.

கட்டி வைப்பதைப் பற்றி எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. விழாமல் இருப்பதற்காகத்தான் கட்டுகிறோம் என்பார்கள். கட்டினால் காலில் பலம் போகும், புண் வரும், திமிறும்போது கழுத்தில் சிக்கி மூச்சு நின்றவர்களும் உண்டு. பணியாளர்களின் வசதிக்காகக் கட்டி வைக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1987-லேயே சட்டம் போட்டார்கள். ‘இங்கே யாரும் விழுந்ததே இல்லை’ என்று பெருமையாகச் சொன்னாலும் உஷாராகுங்கள். ஒன்று எழுதி வைப்பதில்லை, அல்லது யாரையும் எழுந்திருக்கவே விடுவதில்லை. விழுந்தால் எத்தனை நேரத்தில் எனக்கு போன் வரும், அடுத்து விழாமல் இருக்க என்ன மாற்றுவீர்கள் என்று கேளுங்கள்.

மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரத்தில் வரும், பிசியோதெரபி உண்டா, கட்டணத்தில் சேராத செலவு எவையெவை, விலகினால் முன்பணம் எப்படித் திரும்பும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் இல்லங்களுக்குப் பதிவோ உரிமமோ தேவையென்றால் அதைப் பார்க்கக் கேளுங்கள். ஆய்வு அறிக்கை வெளியிடும் நாட்டில் இருந்தால் கடைசி இரண்டு மூன்று அறிக்கைகளைப் படித்து, ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

எது என்று என்னிடம் கேட்டால், உங்கள் கடிதத்தைப் படித்தவரை என் மனம் பழைய கட்டடத்தின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் இரவு ஆள் கணக்கும், படுக்கைப்புண் பதிலும், அவர்கள் தூக்கி உட்கார வைக்கும் விதமும் சரியாக இருந்தால் மட்டும்தான். இந்த மூன்றும் புது இடத்தில் சரியாக இருந்தால் அண்ணன் சொன்னபடியே செய்யுங்கள், பளிங்குத் தரை மட்டும் வழுக்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சரியில்லையென்றால் மூன்றாவது இடம் தேடுங்கள். கேமராவை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அடித்தால் தெரியும், தள்ளினால் தெரியும். தாகம் தெரியாது, நனைந்த டயப்பர் தெரியாது. கேமரா அறைக்குள்ளும் இருக்கிறதென்றால், உடை மாற்றும்போது அந்தக் காட்சியை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி வேறு இருக்கிறது.

சேர்க்கும் நாளிலேயே சில காரியங்களைச் செய்துவிடுங்கள். இல்லத்து நர்சை வைத்துக்கொண்டே அம்மாவின் எடையை எடுத்து எழுதுங்கள். முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் பார்த்து, ஏற்கெனவே உள்ள தழும்பையும் புண்ணையும் இருவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்யுங்கள். இது இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு. மருந்துப் பட்டியலின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். அப்புறம் ஒரு தாளில் அம்மாவைப் பற்றி எழுதிக் கொடுங்கள். எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், எதைக் கண்டால் பயப்படுவார், பாத்ரூம் வந்தால் எப்படிக் காட்டுவார், வலித்தால் முகம் எப்படிப் போகும். அந்தத் தாள் அலமாரிக்குள் போகிறதா, கட்டிலருகே ஒட்டப்படுகிறதா என்பதைப் பாருங்கள்.

முதல் சில வாரங்கள் கஷ்டமாகத்தான் இருக்கும். ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று அழுவார், தூங்கமாட்டார். இடம் மாறினால் மறதி உள்ள யாருக்கும் இது வரும். இதை வைத்து மட்டும் இல்லம் மோசம் என்று முடிவு கட்டாதீர்கள். அதே நேரம், ஒரே நாளில் அல்லது இரண்டு நாளில் திடீரென்று குழம்பிப் போனாலோ, மந்தமாகிவிட்டாலோ, ‘மறதி முற்றிவிட்டது’ என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். மறதிநோய் பொதுவாக அப்படி ராத்திரியோடு ராத்திரியாக முற்றாது. தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புது மருந்து என்று அதற்கு வேறு காரணம் இருக்கும். அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும்.

போகும் நேரத்தை மாற்றி மாற்றிப் போங்கள். போகும்போதெல்லாம் பேச்சுக் கொடுத்தபடியே அம்மாவின் மடங்கிய இடது கையை மெல்ல விரித்துப் பாருங்கள். உள்ளங்கை உலர்ந்து சுத்தமாக இருக்கிறதா, வியர்த்து ஊறி நாற்றம் வருகிறதா, நகம் சதைக்குள் பதிந்திருக்கிறதா? தினமும் குளிப்பாட்டுகிறோம் என்பார்கள், ஆனால் மூடிய கையைத் திறந்து துடைத்து உலர்த்துவது பொறுமை உள்ளவர்கள் மட்டும் செய்கிற வேலை. குதிகாலையும் தொட்டுப் பாருங்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் ஆரம்பச் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கருநீலமாகவோ இருந்தால் உடனே நர்சைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மாதம் ஒருமுறை எடையைக் கேளுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் சும்மா விடக் கூடாது. 50 கிலோ இருப்பவருக்கு அது ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ.

குறை சொன்னால் அம்மாவிடம் காட்டிவிடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். எல்லாக் குடும்பங்களுக்கும் இந்தப் பயம் உண்டு, அதனால் பலரும் மௌனமாகிவிடுகிறார்கள். என் அனுபவத்தில், குடும்பம் அடிக்கடி வந்து, கவனித்து, மரியாதையாகக் கேட்கும் நோயாளிகளுக்குக் கவனிப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. எப்படிச் சொல்கிறோம் என்பதுதான் முக்கியம். ‘நீங்கள் சரியாகவே பார்ப்பதில்லை’ என்றால் சண்டைதான் வரும். ‘நேற்று மாலை 6 மணிக்கு வந்தேன், டயப்பர் முதுகுவரை நனைந்திருந்தது, கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?’ என்று கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டும். முதலில் அந்த ஷிப்டின் பொறுப்பு நர்சிடம், அடுத்து மேலாளரிடம், பிறகு எழுத்தில். என்ன மாற்றுவீர்கள், எந்தத் தேதிக்குள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாகச் செய்த உதவியாளரை அவர் பெயரைச் சொல்லி மேலாளர் முன் பாராட்டவும் செய்யுங்கள். குறைந்த சம்பளத்தில் முதுகொடியும் வேலை பார்க்கும் அவர்களை வேறு யாரும் பாராட்டுவதில்லை.

சேர்ப்பதற்கு முன்பே இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வாசலில் சந்திக்கும் மற்ற குடும்பத்தாரிடம் ‘திருப்தியா?’ என்று கேட்காதீர்கள், பெரும்பாலும் ‘பரவாயில்லை’ என்பார்கள். ‘கடைசியாக என்ன குறை சொன்னீர்கள், சொன்ன பிறகு என்ன நடந்தது?’ என்று கேளுங்கள்.

உங்கள் தங்கையின் அழுகையை ஒதுக்கிவிடாதீர்கள். இல்லத்தில் சேர்த்தால் அம்மாவைக் கைவிட்டதாகிவிடும் என்று நினைக்கிறாள். உண்மையில் சேர்த்த பிறகுதான் அவளுக்கு வேலையே இருக்கிறது. வாரத்தில் இரண்டு மாலைச் சாப்பாட்டு நேரத்தை அவளிடம் ஒப்படையுங்கள். அவள் ஊட்டட்டும், தட்டைத் திருப்பி வைக்கட்டும், கையை விரித்துத் துடைக்கட்டும். எடை, மருந்து, ரெஜிஸ்டர் கணக்கை அண்ணன் பார்க்கட்டும், தூரத்தில் இருந்தாலும் போனில் கேட்கக்கூடிய விஷயங்கள்தான்.

சில சந்தர்ப்பங்களில் மட்டும் பேசிப் பார்ப்போம் என்று நாள் கடத்த வேண்டாம். அம்மா விழுந்ததை உங்களிடம் மறைத்திருந்தால், மேல் கையில் விரல் பதிந்ததுபோல் கன்றிப்போன தடங்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னால், சொல்லாமல் தூக்க மருந்தோ மனநோய் மருந்தோ தொடங்கியிருந்தால், சதை தெரியும் அளவுக்குப் புண் வந்த பிறகுதான் உங்களுக்கே தெரிய வந்தால், நினைத்த நேரத்தில் வரக் கூடாது என்று திடீரென்று தடை போட்டால், குறிப்பிட்ட ஒருவர் அருகில் வரும்போதெல்லாம் அம்மா உடலைக் குறுக்கிக்கொண்டால், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்துவிட்டு வேறு இடத்துக்கு மாற்றும் ஏற்பாட்டைத் தொடங்குங்கள். அடித்த சந்தேகம் இருந்தால் போலீசிலும் முதியோர் நலத்துக்கான அரசு அலுவலகத்திலும் புகார் கொடுங்கள். அங்கே இன்னும் இருக்கும் மற்றவர்களுக்கும் அது பாதுகாப்பு. இதற்காகவே, முன்பணம் கட்டும்போது ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள், மாதாமாதம் கட்டும் ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள்.